ஆன்லைன் படிப்பும் குறுஞ்சான்றிதழும்: பலன் யாருக்கு, சுமை யார் தலையில்?

கேள்வி இது: ஆன்லைன் படிப்புகளும், சில வாரங்களிலோ மாதங்களிலோ முடித்துவிடக்கூடிய குறுஞ்சான்றிதழ்களும் இவ்வளவு பரவியபின் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? படித்தவருக்கு வேலை கிடைத்ததா என்பதோடு நிற்காமல் குடும்பம், வேலையிடம், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பாடம் கிடைப்பது மிக எளிதாகிவிட்டது. அது உண்மையான, பெரிய மாற்றம். அதே காலத்தில், ஒருவரை வேலைக்குத் தயார்செய்யும் செலவும் பொறுப்பும் கல்வி நிறுவனத்திடமிருந்தும் வேலை தருபவரிடமிருந்தும் மெல்ல நழுவி, படிப்பவரின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. முதல் மாற்றத்தைக் கொண்டாடும் அளவுக்கு இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதில்லை. சமூக விளைவுகளில் பெரும்பகுதி அந்த இரண்டாவதிலிருந்துதான் கிளைக்கிறது என்று நினைக்கிறேன்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று சுருக்கமாகப் பார்க்கலாம். 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டிய மாணவர்கள் சுமார் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். இணையத்தில் யாரும் சேரக்கூடிய பெருந்திரள் பாடத்துக்கு 'மூக்' (MOOC) என்ற பெயர் அந்தப் பாடத்தை ஒட்டித்தான் பிறந்தது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குச் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி என்ற ஆன்லைன் பாடத் தளங்கள் மூன்றும் களத்தில் இருந்தன. உலகின் சிறந்த பேராசிரியர் யாருடைய வீட்டுக்கும் வந்துவிடுவார், இனி பிறந்த இடமும் பெற்றோரின் வருமானமும் தடையாக இருக்காது என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு எல்லோரும் காட்டிய உதாரணம் ஒன்று உண்டு. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சுமார் 1,50,000 பேர் சேர்ந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் மங்கோலியாவின் உலான்பத்தூரைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். பிறகு எம்.ஐ.டி.யிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது. அவனுடைய உழைப்பையும் அறிவையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கதையின் மறுபாதி அதிகம் சொல்லப்படவில்லை. அவனுடைய பள்ளி முதல்வர் எம்.ஐ.டி.யில் படித்தவர். தன் மாணவர்களில் சிலரைத் திரட்டி அந்தப் பாடத்தைப் படிக்க வைத்தவர் அவர்தான். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவரை வரவழைத்து, கருவிகளோடு நேரில் செய்முறை வகுப்பும் எடுக்க வைத்தார். வீடியோ உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். இப்படி ஒரு முதல்வர் எத்தனை பள்ளிகளில் இருப்பார்?

இதை ஒரு தனிக்கதை என்று விட்டுவிட முடியாது. எண்ணிக்கைகளும் இதையேதான் சொல்கின்றன. கோர்செராவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பாடங்களைப் படித்தவர்களிடம் 2013-இல் கேட்டபோது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பட்டம் இருந்தது. எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012 முதல் 2018 வரை நடத்திய பாடங்களின் தரவை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ் வாலியெந்தேயும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். 56 லட்சம் பேர், 1.26 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். 2017–18-இல் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டுக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் வளர்ச்சியும் பெரும்பாலும் வசதியான நாடுகளிலிருந்தே வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 3 சதவீதம் என்பதைக் காட்டி மொத்தமும் தோல்வி என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. இலவசமாகத் திறந்து கிடப்பதால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. வேண்டிய இரண்டு பாடங்களை மட்டும் பார்த்து, வேண்டியதைக் கற்றுக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. என்னை உறுத்துவது அதே ஆய்வின் இன்னொரு எண். சான்றிதழுக்காகக் காசு கட்டிச் சேர்ந்தவர்களில்கூட அந்த ஆண்டு முடித்தவர்கள் 46 சதவீதம்தான். இவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். பணத்தையும் எதிர்பார்ப்பையும் சேர்த்து வைத்துவிட்டுப் பாதிக்கு மேல் வழியில் நின்றுபோனார்கள்.

யார் நின்றுபோகிறார்கள் என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் சுமார் 40,000 மாணவர்கள் எடுத்த ஏறக்குறைய 5 லட்சம் பாடப்பதிவுகளை டி சூவும் ஷன்னா ஜாகர்ஸும் ஆராய்ந்தார்கள். நேரடி வகுப்பை விட ஆன்லைனில் எல்லாப் பிரிவினருக்கும் மதிப்பெண் குறைந்தது. ஆனால் சரிவு சமமாக இல்லை. ஆண்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், முன்பே குறைந்த மதிப்பெண் வாங்கிவந்தவர்கள் ஆகியோருக்கு அது கூடுதலாக இருந்தது. அதாவது வகுப்பறையில் ஏற்கெனவே இருந்த இடைவெளி இணையத்தில் இன்னும் அகன்றது. தானே அட்டவணை போட்டு, தானே தன்னை உட்கார வைத்து, புரியாத இடத்தில் தானே வழி தேடிக்கொள்ளும் பழக்கம் முன்பு நல்ல கல்வி கிடைத்தவர்களிடம்தான் அதிகம் இருக்கும். ஆன்லைன் படிப்பு அந்தப் பழக்கத்தைக் கற்றுத் தருவதில்லை. அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது.

சின்னச் சின்ன உத்திகளால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எப்போது படிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுத வைப்பது, இந்தப் பாடம் உங்கள் வாழ்வின் எந்த மதிப்போடு ஒத்துப்போகிறது என்று யோசிக்க வைப்பது போன்ற பயிற்சிகள் அவை. தொடக்க ஆய்வுகளில் நல்ல பலனும் தெரிந்தது. சுமார் 2,50,000 மாணவர்களிடம் பெரிய அளவில் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டபோது அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. நேர்மையாக அதை வெளியிட்ட ஆய்வாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இணைப்பே இல்லாதவர்களின் நிலையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, உலகில் 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று யூனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் கணக்கிட்டன. அந்த ஓர் எண்ணே போதும்.

இனி சுமைக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஆளை எடுத்துக்கொண்டு வேலையைச் சொல்லிக்கொடுப்பது பல தொழில்களில் சாதாரணம். கற்கிற நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ஆள் தேறாவிட்டால் நஷ்டம் நிறுவனத்துக்கு. இப்போது விண்ணப்பிக்கும்போதே இந்தக் கருவி தெரியும், அந்த மென்பொருள் தெரியும் என்று சான்று காட்ட வேண்டியிருக்கிறது. எதைப் படித்தால் அடுத்த ஆண்டு வேலை கிடைக்கும் என்பதை ஊகிப்பது படிப்பவரின் பொறுப்பு. ஊகம் தப்பினால் பணமும் போய்ச் சில மாதத்து இரவுகளும் போகும். அந்த நஷ்டத்தில் வேறு யாரும் பங்கெடுப்பதில்லை.

இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலையும் இல்லை. பட்டம் வாங்கினால் ஆயுளுக்கும் பட்டதாரி. ஆனால் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. என்ற கணினி வலையமைப்புச் சான்றிதழும் அமேசான் கிளவுட் சான்றிதழ்களும் 3 ஆண்டுகளில் காலாவதியாகின்றன. மைக்ரோசாஃப்டின் பல சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வேகமாக மாறும் துறையில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் நாற்பது வயது வாழ்க்கையில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வேலையில் இருந்துகொண்டே வேலைக்குத் தகுதியானவர் என்று திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணம் அலுவலக நேரத்தில் நடப்பதில்லை.

நேரம் என்கிற இந்த விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதை ஆன்லைன் படிப்பின் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்கிறவருக்கும், முறைமாறி வேலை செய்கிறவருக்கும் அது மெய்யான வசதிதான். கல்லூரி வாசலை மிதித்தே இருக்க முடியாத பலரை அது படிக்க வைத்திருக்கிறது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையை வீட்டார் எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடவும் சொல்லலாம். ஒரு பெண்ணுக்குச் செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்றால் அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. அவள் வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்று மற்றவர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள். அதே பெண் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தால், அவள் படிக்கிறாள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கூப்பிடுவார்கள். கடைசியில் படிப்பு எல்லோரும் தூங்கியபிறகுதான் தொடங்கும். குறித்த நேரத்து வகுப்பு கட்டுப்பாடு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, இடையில் நின்றவர்களை ஊக்கம் இல்லாதவர்கள் என்று சொல்வது அநியாயம்.

சரி, இத்தனையும் தாண்டி ஒருவர் சான்றிதழ் வாங்கிவிட்டார். அதற்கு மதிப்பு உண்டா? மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் எழுதிய ஆய்வு இதற்கு உதவும். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வு அது. விண்ணப்பிப்பவரின் திறமை வேலை தருபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பட்டத்தை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்கிறார். திறமை குறைந்தவருக்கு அதைப் பெறுவது மிகக் கடினம் என்பதால்தான் அந்த அடையாளம் எதையாவது சொல்கிறது. யாரும் எளிதில் வாங்கிவிடலாம் என்றாகிவிட்டால் அது எதையும் சொல்லாது. அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பட்டங்கள், சான்றிதழ்கள், பேட்ஜுகள் இருப்பதாக கிரெடென்ஷியல் எஞ்சின் என்ற அமைப்பு 2022-இல் கணக்கெடுத்தது. எந்த மனிதவள அலுவலர் இத்தனையையும் எடைபோடுவார்? முடியாதபோது தெரிந்த பெயரைத் தேடுவார்: ஹார்வர்ட், எம்.ஐ.டி., கூகுள். பெரிய பெயர்களின் பிடி தளரும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது இறுகிக்கொண்டிருக்கிறது.

கூடவே, தேர்வின் நம்பகம் என்றொரு சிக்கல். ஒரே ஆள் இரண்டு கணக்குகள் தொடங்கி, ஒன்றில் சும்மா தேர்வெழுதிச் சரியான விடைகளைத் தெரிந்துகொண்டு, மற்றதில் அவற்றை எழுதிச் சான்றிதழ் வாங்கும் வழக்கத்தை எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆய்வாளர்களே தங்கள் பாடங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று கேள்வியைப் போட்டால் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு எல்லோர் கையிலும் இருக்கிறது. இதைத் தடுக்கக் கேமரா வழியே கண்காணித்தால் அது வீட்டுக்குள் நுழைவதாகிறது. தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2022-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. நேர்மையாகப் படித்தவர் தன் நேர்மையை நிரூபிக்கப் படுக்கையறையைத் திறந்து காட்ட வேண்டியிருப்பது நல்ல ஏற்பாடு இல்லை.

வேலைச் சந்தையில் நடப்பதும் கலவையானது. இணையவழி வேலைத்தளம் ஒன்றில், திறன் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றவர்களின் வருமானம் கூடியதை ஓட்டோ கேசியும் விலி லெஹ்தொன்விர்தாவும் காட்டியிருக்கிறார்கள். சான்றிதழால் அவர்கள் திடீரென்று திறமைசாலிகளாகிவிடவில்லை. வேலை தருபவரின் சந்தேகம் குறைந்தது, அவ்வளவுதான். சந்தையில் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் சான்றிதழ் எடுத்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எனவே குறுஞ்சான்றிதழ் வெறும் காகிதம் என்று ஒதுக்குவதற்கும் நான் உடன்படமாட்டேன். ஆனால் வழக்கமான வேலைகளில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. பட்டம் தேவையில்லை, திறமை போதும் என்று அமெரிக்க நிறுவனங்கள் பல அறிவித்தன. பர்னிங் கிளாஸ் நிறுவனமும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த அறிவிப்பால் பட்டமில்லாதவருக்குப் புதிதாகத் திறந்த வாய்ப்பு 700 நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு. அறிவிப்பு தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர் பழக்கப்பட்ட வழியிலேயே போகிறார்.

பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு பத்தி. 2013-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஹார்வர்டின் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் நடத்திய பாடத்தின் வீடியோவை வைத்து வகுப்பு நடத்தும் யோசனையைத் தத்துவத் துறை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. சாண்டலுக்கே திறந்த கடிதம் எழுதினார்கள். பணக்காரக் கல்லூரி மாணவருக்கு ஆசிரியரும், ஏழைக் கல்லூரி மாணவருக்கு அவருடைய வீடியோவும் என்று இரண்டு வகுப்பாகப் பிரிந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அதே ஆண்டு அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து நடத்திய சோதனைப் பாடங்களில் தேர்ச்சி மோசமாக இருந்ததால் அந்த முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. வணிகப் பக்கமும் நிலையாக இல்லை. 2021-இல் 80 கோடி டாலர் கொடுத்து எட்எக்ஸை வாங்கிய 2யு நிறுவனம் 2024-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. நம் சான்றிதழை வழங்கியவர் பத்து ஆண்டு கழித்தும் இருப்பாரா என்பது படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.

நன்றாக நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். அவற்றில்தான் பாடம் அதிகம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இல் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை ஆன்லைனில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். பட்டத்தில் ஆன்லைன் என்ற அடையாளம் கிடையாது. சேர்ந்தவர்களின் சராசரி வயது 34. வளாகத்தில் படிப்பவர்களுக்கு 24. சேர்க்கைக்கான மதிப்பெண் வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்ததால் இடம் கிடைக்காமல் போனவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் போய்ப் படிக்கவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது அந்தப் படிப்பு வேறொரு கல்லூரியின் மாணவர்களை இழுக்கவில்லை. இல்லாவிட்டால் படித்தே இருக்காதவர்களைப் படிக்க வைத்தது. எம்.ஐ.டி.யில் எஸ்தர் டூஃப்லோ, அபிஜித் பானர்ஜி முதலியோர் உருவாக்கிய வளர்ச்சிப் பொருளாதாரப் படிப்பில் ஆன்லைன் பாடங்களுக்கு வருமானத்துக்கேற்ற கட்டணம். அவற்றில் சிறந்து தேறியவர், இளநிலைப் பட்டம் இல்லாவிட்டாலும், எம்.ஐ.டி.யின் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பியர் டூ பியர் யுனிவர்சிட்டி என்ற அமைப்பு 2015-இல் சிகாகோ பொது நூலகத்தோடு சேர்ந்து, ஆன்லைன் பாடத்தை வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் வட்டங்களைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே விஷயத்தை இணையம் வருமுன்பே புரிந்துவைத்திருந்தது. 1971-இல் முந்தைய தகுதி எதுவும் கேட்காமல் சுமார் 25,000 பேரைச் சேர்த்தபோதே, பாடத்தை அஞ்சலிலும் வானொலி, தொலைக்காட்சியிலும் அனுப்பி, ஆளுக்கு ஒரு வழிகாட்டும் ஆசிரியரையும் கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நிறுவனம் படிப்பவரின் சுமையில் ஒரு பங்கைத் தானே தூக்கிக்கொண்டிருக்கிறது.

அரசுகள் இப்போது விதிகள் வகுக்கின்றன. நியூஸிலாந்து 2018-இல் குறுஞ்சான்றிதழை 5 முதல் 40 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) வரை என்று வரையறுத்து, தொழில்துறைக்கோ சமூகத்துக்கோ அது தேவை என்பதற்கு ஆதாரம் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் ஏற்ற பரிந்துரை, ஒவ்வொரு சான்றிதழிலும் என்ன கற்றார், எவ்வளவு உழைப்பு, எப்படி மதிப்பிட்டார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும் என்கிறது. நல்லவைதான். ஆனால் இவை சான்றிதழைச் சீர்செய்கின்றன; படிப்பவரின் நேரத்தையும் பணத்தையும் தொடுவதில்லை.

அதைத் தொட முயன்றவை இரண்டு. பிரான்சில் 2019 முதல் வேலை செய்யும் ஒவ்வொருவர் கணக்கிலும் பயிற்சிக்காக ஆண்டுக்கு 500 யூரோ வரை சேர்கிறது. படிப்பு குறைந்தவருக்கு 800. அந்தப் பணத்தைக் குறிவைத்து மோசடி அழைப்புகள் பெருகி, 2022 டிசம்பரில் அத்தகைய அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிவந்தது. சிங்கப்பூர் 2025 முதல், 40 வயது நிரம்பியவர் குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளுக்குப் போனால் அவர் சம்பளத்தில் பாதியை, மாதம் 3,000 சிங்கப்பூர் டாலர் வரை, உதவித்தொகையாகத் தருகிறது. கட்டணத்தைக் குறைப்பதை விட இது ஆழமான உதவி. நடுவயதில் படிக்க நினைப்பவரைத் தடுப்பது பெரும்பாலும் கட்டணமாக இருப்பதில்லை. சம்பளம் நின்றால் வீட்டை யார் நடத்துவது என்பதே தடுக்கிறது.

நான் முதலில் கேட்க விரும்புவது தரவு. எத்தனை கோடிப் பேர் சேர்ந்தார்கள் என்பதைத் தளங்கள் ஓயாமல் சொல்கின்றன. சேர்ந்தவர்களில் பட்டமில்லாதவர் எத்தனை பேர், அவர்களில் முடித்தவர் எத்தனை பேர், முடித்தபின் இரண்டு ஆண்டுகளில் யாருடைய சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை ஆண், பெண், வயது, வருமானம் வாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். பொதுப்பணம் வாங்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் இதை நிபந்தனையாக வைக்கலாம். ஆளெடுக்கும் நிறுவனங்களும், சென்ற ஆண்டு குறுஞ்சான்றிதழை மட்டும் வைத்து எத்தனை பேரை எடுத்தோம் என்று சொல்லட்டும்.